இறங்காதவன் மூட்டை

டோஸ்தா என்றால் எங்கள் பேச்சில் ‘போதும்’ என்று அர்த்தம். நான்காவதும் பெண்ணாகப் பிறந்த கடுப்பில் அவளுடைய அப்பா வைத்த பெயர் அது. கடவுள் காதில் விழவில்லை போலிருக்கிறது, ஐந்தாவதும் பெண்தான். ஆனால் டோஸ்தா பெயருக்கு ஏற்ற மாதிரியே வளர்ந்தாள். எதிலும் ஒரு எழுத்து கூடவும் விடமாட்டாள், குறையவும் விடமாட்டாள்.

நானும் அவளும் கணவாய்ச் சுங்கச் சாவடியில் ஒரே தகரக் கன்டெய்னருக்குள் எதிரெதிர் மேசை போட்டு இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டினோம். இரண்டு பேருமே கிளியரிங் ஏஜெண்ட். கோடையில் வெந்து சாவோம், குளிர்காலத்தில் விறைத்துச் சாவோம். லாரிக்காரன் வந்து காகிதத்தை வீசுவான், நாங்கள் எழுதுவோம், சுங்கத்தில் முத்திரை விழும், தடுப்புக் கட்டை மேலே போகும், லாரி அல்பேனியாவுக்குள் இறங்கும். மனிதன் செய்கிற வேலையா இது என்று நான் தினமும் கேட்பேன். டோஸ்தா அடுத்த காகிதத்தை எடுப்பாள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

எங்களைப் போன்ற சுண்டைக்காய் நாடுகள் ஏழு கூடி, உன் சரக்குக்கு நான் தீர்வை போடமாட்டேன், என் சரக்குக்கு நீயும் போடாதே என்று ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொண்டு வருகிற சரக்கு உன்னுடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? வேறு எங்கோ வாங்கி, சாக்கை மாற்றிக் கொண்டு வந்தால்? அதற்குத்தான் பச்சைக் காகிதம். இது எங்கள் மண்ணில் விளைந்தது, எங்கள் மண்ணில் பறித்தது என்று அதில் எழுதி முத்திரை வாங்க வேண்டும். பச்சைக் காகிதம் இல்லாத மிளகாய் அந்நிய மிளகாய், வேலிக்கு இந்தப் பக்கம் காய்த்திருந்தாலும் சரி.

நானெல்லாம் லாரிக்காரன் சொன்னதை எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போவேன். டோஸ்தா அப்படி இல்லை. யார் பறித்தது, எந்தச் சரிவு, எந்த வாரம் என்று நோண்டுவாள். “என்ன அக்கா, போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க” என்று டிரைவர்கள் அலுத்துக்கொள்வார்கள். “அங்க பொய் சொன்னா உனக்கு மட்டும் ஜெயிலு. இங்க பொய் சொன்னா நாட்டுக்கே கெட்ட பேரு” என்பாள். போன வருடம் வரை அவள் எழுதிய பச்சைக் காகிதம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. என்னுடையது பதினொன்று வந்திருக்கிறது.

அவள் புருஷன் வெல்கோ. யாப்லனித்சா மலையில், எல்லைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் மேல் திரேனோவா ஊர்க்காரன். கல்யாணமான பிறகு கீழே ஸ்த்ரூகாவில் வீடு கட்டினாலும், ஒவ்வொரு அக்டோபரும், சாராயத்துக்கு வாசனை ஏற்றுகிற ஜூனிப்பர் காய் பறிக்க ஊருக்கு ஏறிவிடுவான். முள்ளுச் செடி அது, கையால் பறிக்க முடியாது. அகலச் சல்லடையைக் கீழே பிடித்துக்கொண்டு கிளையைக் கம்பால் அடிக்க வேண்டும். பழுத்த நீலக் காய் உதிரும், பச்சைக் காய் அடுத்த வருடத்துக்கு என்று செடியிலேயே நிற்கும். ஏழு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு அக்டோபரில் ஏறியவன் இறங்கவில்லை. ஒன்பது நாள் தேடினோம். ராணுவ நாய்கூட வந்தது. ஒரு செருப்பு கிடைக்கவில்லை, ஒரு கம்பு கிடைக்கவில்லை. பனி விழுந்ததும் எல்லோரும் இறங்கிவிட்டோம்.

டோஸ்தா கறுப்பு உடுத்தவில்லை. திவசம் வைக்கவில்லை. ஐந்து வருடம் தகவல் இல்லையென்றால், மனைவி மனுப் போட்டால் போதும், நீதிமன்றம் இறந்தவர் என்று அறிவித்துவிடும். விதவை ஓய்வூதியமும் வரும். நானே படிவத்தை வாங்கிவந்து அவள் மேசையில் வைத்தேன்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடு. இருக்கறவங்களாவது நிம்மதியா இருக்கலாம்.”

“செத்துட்டான்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணே?”

“தெரியாது. ஆனா ஊருக்கே தெரியும்.”

“ஆதாரம் இல்லாம நான் எழுத மாட்டேன்” என்று படிவத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ராத்திரி அவள் வீட்டில் இரண்டு தட்டு வைக்கிறாள் என்று என் மனைவி சொன்னபோது எரிச்சலெல்லாம் போய்விட்டது.

இந்த நிலையில்தான் போன வருடம் அந்தக் கடிதம் வந்தது. அல்பேனியா சுங்கத்திலிருந்து எங்கள் சுங்கத்துக்கு. மேல் திரேனோவா ஜூனிப்பர் காய், மூன்று பருவத்துச் சரக்கு, பச்சைக் காகிதங்களின் எண்கள் இவை, இவை உண்மைதானா என்று விசாரித்துச் சொல்லவும். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் உண்டு. சந்தேகம் வந்தால் பழைய காகிதத்தைத் திருப்பி அனுப்பிக் கேட்கலாம். எல்பசானில் இருக்கும் கம்பெனி எங்கள் காயையும் தங்கள் காயையும் ஒன்றாகக் கலந்து காயவைத்து மற்ற நாடுகளுக்கு விற்கிறது. ஒப்பந்தப்படி எங்கள் காய் அவர்கள் காய்க்குச் சமம், ஆனால் எங்கள் காய்தான் என்று நிரூபித்தால் மட்டும். பத்து மாதத்துக்குள் பதில் போகாவிட்டால் அத்தனைக்கும் தீர்வை விழும். மூன்று காகிதமும் டோஸ்தா எழுதியது.

அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. அன்றைக்கே காய் வியாபாரி செஃபரைப் போனில் பிடித்து, பறித்தவர்களின் சீட்டையெல்லாம் கொண்டு வரச் சொன்னாள். செஃபர் ஊர் ஊராகப் போய் மூட்டை வாங்குகிறவன். எங்களுக்குக் காட்டுவது மொத்தப் பட்டியல் மட்டும்தான், டோஸ்தா நோண்டினாலும் ஊர்க்காரங்க பறிச்சது என்று முடித்துவிடுவான், ஒவ்வொருவர் பெயரிலும் இருக்கும் சீட்டு அவன் வீட்டு அட்டைப் பெட்டியிலேயே கிடக்கும். மறுநாள் பெட்டியோடு வந்தான்.

டோஸ்தா ஒவ்வொன்றாக எடுத்து வாய்விட்டுப் படித்தாள். ஸ்பாசே, எட்டு கிலோ. ஸ்பாசேயின் மனைவி, முப்பத்தைந்து. அடுத்த சீட்டை எடுத்தவள் படிக்கவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். என் பக்கம் நீட்டினாள்.

வெல்கோ, நாற்பது கிலோ. தேதி, முந்தின வருடத்து அக்டோபர்.

நான் பெட்டியைக் கவிழ்த்தேன். அதற்கு முந்தின வருடத்திலும் இருந்தது. அதற்கும் முந்தினதிலும். வெல்கோ, நாற்பது கிலோ. மூன்று சீட்டிலும் ஒரு கிலோ கூடக் குறைய இல்லை.

“யோவ் செஃபர், என்னய்யா இது?”

“எனக்கென்ன தெரியும்? எடை போட்டு எழுதறது எல்லாம் ஸ்பாசே கிழவன்தான். நான் மூட்டையை எண்ணி வாங்கறதோட சரி. அந்த மூட்டைக்கு உண்டான காசு கோயில் விளக்குக்குன்னான். ஏதோ வேண்டுதல்னு நினைச்சேன்.”

“வெல்கோ காணாமப் போனது உனக்குத் தெரியாதா?”

“வேற வெல்கோவா இருக்கும்னு நினைச்சேன் மாமா. சத்தியமா.”

அந்த ஊரில் வேறு வெல்கோ கிடையாது. டோஸ்தாவுக்கு அது நன்றாகத் தெரியும். மூன்று சீட்டையும் அடுக்கி ஓரம் சேர்த்து மேசைமேல் வைத்தாள். “உசுரோட இருக்கான் அண்ணே” என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு நான் பயந்தேன்.

விசாரணைக்குச் சுங்கத்திலிருந்து ஒரு இன்ஸ்பெக்டரம்மாவை அனுப்பினார்கள். தலைநகர் ஸ்கோப்யேக்காரி, முப்பது வயதிருக்கும், மலைக்கு வருகிறவள் நடனத்துக்குப் போகிற செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். காகிதம் எழுதியவள் என்பதால் டோஸ்தாவும் போக வேண்டும். இவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை, நானும் ஒட்டிக்கொண்டேன். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்து மணி. எல்லைக் காவல்படையிடம் சொல்லிவிட்டு ஏறினோம்.

மேல் திரேனோவாவில் முப்பது வீடு இருந்த காலம் உண்டு. இப்போது இருபத்தொன்பதற்குக் கூரை இல்லை. ஒரே ஒரு புகைக்கூண்டு புகைந்தது. ஸ்பாசே வாசலிலேயே நின்றிருந்தான். வெல்கோவுக்குச் சித்தப்பா முறை. எழுபத்தைந்து வயது, வலது கால் வராது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

“வா மருமகளே. ஆறு வருஷம் ஆச்சு நீ இந்தப் படி மிதிச்சு. சர்க்கார் கூப்பிட்டாத்தான் வருவியா?”

டோஸ்தா உட்காரக்கூட இல்லை. “வெல்கோ எங்க சித்தப்பா?”

கிழவன் இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். “எனக்கு எப்படித் தெரியும்?”

“அவன் பேர்ல சீட்டு எழுதியிருக்கீங்க.”

“எழுதணும். அது எங்க ஊர் வழக்கம். மலைக்கு ஏறினவன் இறங்கலைன்னா ஏழு பருவம் அவன் பங்கு வரணும். யாராவது அவனுக்குன்னு பறிச்சு வாசல்ல வைப்பாங்க. யாருன்னு பாக்கக் கூடாது, கேக்கக் கூடாது. அவன் பேர்ல எடை போட்டு எழுதணும். இல்லைன்னா மலை, ஆள் ஒண்ணு குறையுதுன்னு இன்னொருத்தனை எடுத்துக்கும். எங்க அப்பாரு காலத்துல சுவத்துல கரியில எழுதுவாங்க. இப்ப நீங்கதான் சீட்டு கேக்கறீங்களே, சீட்டுல எழுதறேன்.”

“அட பாவி மனுஷா” என்றேன் நான். “செத்தவன் பேரை ரெண்டு நாட்டு ஒப்பந்தக் காகிதத்துல எழுதியிருக்கியே.”

“செத்தவன்னு யாரு சொன்னா? இறங்கலைன்னுதான் நான் சொன்னேன்.”

டோஸ்தாவின் தோள் தொங்கிப்போனது. இரண்டு வாரமாக அவள் மனசில் கட்டிவைத்தது எல்லாம் ஒரு ஊர் வழக்கம் என்று ஆகிவிட்டது. எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது, பொய் சொல்வானேன். வழக்கம்தானே, யாரோ ஒரு புண்ணியவான் பறித்து வைக்கிறான், கதை முடிந்தது.

இன்ஸ்பெக்டரம்மா நோட்டைத் திறந்தாள். “சரிங்க ஐயா, சர்க்கார் கேக்கலாம் இல்லையா? யார் பறிச்சது?”

ஸ்பாசே அடுப்பில் ஒரு கட்டையைச் செருகினான்.

“முதல் வருஷம் ஊர்ல ஆறு பேர் இருந்தோம். நாற்பது கிலோ வந்துச்சு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். அப்புறம் மூணு பேர் செத்தாங்க, ஒருத்தன் மகன் வீட்டுக்குப் போயிட்டான். அப்பவும் நாற்பது. போன வருஷம் நான், என் பொண்டாட்டி, ரெண்டே பேர். அவளைக் கேட்டேன், இல்லைன்னா. நான் இந்தக் காலை வெச்சுக்கிட்டு எங்க ஏறுவேன்? கொல்லையில இருக்கற செடியில பறிக்கறதோட சரி. அவ இந்த ஏப்ரல்ல போயிட்டா. இப்ப இந்த மலையில நான் ஒருத்தன்தான்.”

எழுந்து நொண்டிக்கொண்டே போய்ப் பின்பக்கக் கதவைத் திறந்தான். வாசல்படியில் ஒரு மூட்டை நின்றது. சாக்கு நனைந்திருந்தது.

“நேத்துக் காலையில இருந்துச்சு. எடை போட்டாச்சு. எவ்வளவுன்னு சொல்லணுமா?”

இன்ஸ்பெக்டரம்மா பேனாவை மூடினாள். டோஸ்தா போய் மூட்டையின் வாயை அவிழ்த்து ஒரு கைப்பிடி அள்ளினாள். சுத்தமாகப் புடைத்த காய். ஒரு முள் இல்லை, ஒரு பச்சைக் காய் இல்லை. அதை முகர்ந்து பார்த்துவிட்டு, சுவரில் சாய்த்திருந்த கம்பையும் சல்லடையையும் எடுத்துக்கொண்டாள்.

“பறிச்ச இடத்தைப் பாக்கணும். பாக்காம எழுத முடியாது” என்றாள்.

இன்ஸ்பெக்டரம்மா தன் செருப்பைப் பார்த்தாள். “நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க அம்மா. உங்களுக்குத்தான் மலையும் தெரியும், ஆளும் தெரியும். நீங்க சொல்றதை எழுதிக்கறேன்.” புத்திசாலிப் பெண். நானும் அப்படி ஏதாவது செருப்புப் போட்டு வந்திருக்கலாம்.

வீடுகளைத் தாண்டியதும் மூடுபனி பிடித்துக்கொண்டது. பகல் பன்னிரண்டு மணிதான், ஆனால் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. ஜூனிப்பர்ச் செடிகள் இடுப்பளவுக்கு அங்கங்கே குந்தியிருந்தன. ஒவ்வொன்றையும் ஆள் என்று நினைத்து நான் நின்று நின்று நடந்தேன். டோஸ்தா ஒவ்வொரு செடியிடமும் நின்று கிளையைத் தூக்கிப் பார்த்தாள். எல்லாச் செடியிலும் நீலக் காய் கொத்துக் கொத்தாக அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. ஒரு மணி நேரம் ஏறினோம், எங்கும் அதே கதைதான்.

“அண்ணே, நாற்பது கிலோ பறிக்க நூறு செடியாவது அடிக்கணும். இங்க ஒரு செடியும் அடிபடலையே.”

“கிழவன் எங்கயாவது வாங்கி வெச்சுட்டு நாடகம் போடறான். வா, இறங்கிடலாம்.”

அப்போதுதான் கேட்டது. மேலே, பனிக்குள்ளே. டக், டக், டக். ஒரு நிறுத்தம். பிறகு மெதுவாக ஒரு தட்டல். மறுபடி டக், டக், டக்.

டோஸ்தா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“மூணு அடி அடிச்சுட்டுச் சல்லடை விளிம்புல ஒரு தட்டுத் தட்டுவான். முள்ளு ஒதுங்கறதுக்கு. அப்படிச் செய்யாதேன்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன்.”

“அந்தப் பக்கத்து ஊர்க்காரன் எவனாவது இருப்பான் டோஸ்தா. அவனும் காய் பறிக்கறவன்தானே.”

“இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஏறினாள். தனியாக நிற்கிற பயத்தில் நானும் பின்னால் போனேன். மலையுச்சியை நெருங்க நெருங்கச் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு பனிக்குள்ளிருந்து வெள்ளையடித்த எல்லைக் கல் தெரிந்தது. முப்பத்தொன்றாம் எண். டோஸ்தா அங்கே நின்றுவிட்டாள்.

கல்லுக்கு இந்தப் பக்கம் செடிகளில் காய் காயாக இருந்தது. அந்தப் பக்கம் முதல் செடியிலிருந்தே நீலக் காய் ஒன்றும் இல்லை, பச்சைக் காய் மட்டும் நின்றது. செடிக்கடியில் உதிர்ந்த முள் இன்னும் வாடவில்லை. சரிவு கண்ணுக்குத் தெரிந்த மட்டும் அப்படியே, வரிசையாக அடித்துத் தள்ளியிருந்தது. மூட்டை எந்த மண்ணிலிருந்து வந்தது என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“நான் எழுதினது எல்லாம் பொய்க் காகிதம் அண்ணே” என்றாள் டோஸ்தா. கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு, பனியைப் பார்த்துக் கூப்பிட்டாள். “வெல்கோ.”

அடி நின்றது.

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். சத்தம் வந்த இடம் இருபது அடி தூரம்கூட இருக்காது. பனிக்குள் நின்று யாரோ காது கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

“வெல்கோ, நான்தான். வா. இந்தக் கல்லைத் தாண்டி வந்துடு. காகிதத்தையெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

ஒன்றும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன், ஐந்து நிமிடமோ அரை மணியோ. “ரெண்டு எட்டு வெச்சுப் போய்த்தான் பாரேன், யார் கேக்கப் போறாங்க” என்று நான் குசுகுசுத்தேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். “அவனுக்குக் கேட்டுச்சு. கோடு எங்க இருக்குன்னு அவனுக்கும் தெரியும். வர முடிஞ்சா வந்திருப்பான்.”

அவள் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. டக், டக், டக். நிறுத்தம். தட்டல். இந்த முறை இன்னும் தள்ளி, அந்தப் பக்கச் சரிவில் கீழே இறங்கிக்கொண்டு. அதற்கு அடுத்தது இன்னும் தள்ளி. டோஸ்தா கல்லடியில் உட்கார்ந்து, சல்லடையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். ஆறு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். நான் பக்கத்தில் நின்று தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தேன், வேறென்ன செய்வது. சத்தம் முழுக்க அடங்கிய பிறகு எழுந்தாள்.

கீழே இன்ஸ்பெக்டரம்மா ஸ்பாசேயின் ராக்கியாச் சாராயத்தைக் குடித்து முகம் சிவந்திருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கிளாஸைத் தள்ளி வைத்தாள். நல்ல மனசுதான் அவளுக்கு. டோஸ்தா வாய் திறக்கும் முன்பே அவளாகவே வழி சொன்னாள்.

“அம்மா, நானும் யோசிச்சேன். வருஷத்துக்கு நாற்பது கிலோதானே. அதையும் ஐயா பறிச்சதுன்னு எழுதிடறேன். பேர் மட்டும் தப்பா விழுந்துடுச்சுன்னு போட்டா முடிஞ்சது. உங்க காகிதமும் நிக்கும், செஃபர் அண்ணன் சரக்கும் தப்பிக்கும்.”

“நான் பறிச்சதுதான். சத்தியம் பண்றேன்” என்றான் ஸ்பாசே, கொஞ்சமும் வெட்கப்படாமல்.

“சரின்னு சொல்லு டோஸ்தா” என்றேன் நான். எனக்கு அந்த மலையை விட்டு இறங்கினால் போதும். அவள் சரி என்று சொல்லியிருந்தால் எல்லாம் பழையபடி இருந்திருக்கும். படிவம் இழுப்பறையிலேயே கிடந்திருக்கும், வீட்டில் இரண்டு தட்டும் இருந்திருக்கும்.

டோஸ்தா எதிரில் உட்கார்ந்தாள். “எழுதிக்கோம்மா. பறிச்ச இடம், முப்பத்தொண்ணாம் கல்லுக்கு அந்தப் பக்கம். நம்ம நாட்டுச் சரக்கு இல்ல.”

இன்ஸ்பெக்டரம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். எழுதினாள். பேனா அடுத்த வரியில் போய் நின்றது.

“பறிச்சவர் பேர் வெல்கோன்னு சீட்டுல இருக்கு. அப்படி ஒருத்தர் இங்க இருக்காரான்னு கேக்கறாங்க. என்ன எழுதட்டும்?”

அடுப்பில் கட்டை வெடித்தது. ஸ்பாசே மருமகளையே பார்த்தான். டோஸ்தா இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்து, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல” என்றாள். “இல்லன்னு எழுதும்மா.”

திங்கட்கிழமை அவள் நீதிமன்றத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள், நான்தான் சாட்சி. எல்பசான் கம்பெனி மொத்தச் சரக்குக்கும் தீர்வை கட்டி, செஃபரிடம் வாங்குவதை நிறுத்தியது. செஃபர் எங்கள் கன்டெய்னர் வாசலில் நின்று டோஸ்தாவை வாய்க்கு வந்தபடி திட்டினான், அவள் கேட்டுக்கொண்டாள். ஸ்பாசேயைப் பனிக்கு முன்னால் மகள் வந்து பிட்டோலாவுக்கு அழைத்துப் போய்விட்டாள். மேல் திரேனோவாவில் இப்போது ஒரு ஈ காக்கை கிடையாது. இந்த அக்டோபரில் அந்தப் பின்வாசல்படியில் மூட்டை இருந்ததா என்று போய்ப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

நீதிமன்றத் தீர்ப்பு வந்த வாரம் டோஸ்தா கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். கையில் பெரிய பாத்திரம் நிறையத் திவசக் கோதுமை, அவித்துச் சர்க்கரையும் வாதுமைத் தூளும் கலந்தது. பாதிரியார் மந்திரித்துக் கொடுத்திருந்தார். கணவாயில் நின்ற எல்லா டிரைவர்களுக்கும், சுங்கக்காரர்களுக்கும், எனக்கும் ஒவ்வொரு கரண்டி கொடுத்தாள். “ஆண்டவன் அவனை ஏத்துக்கட்டும்” என்று சொல்லிச் சாப்பிட்டோம்.

கடைசியில் ஒரு தட்டு நிறைய வைத்து, மேலே துணி கட்டி, எல்பசானுக்குத் திரும்புகிற ஒரு லாரியின் ஜன்னலில் நீட்டினாள். அந்தப் பக்கத்து டிரைவர்.

“எல்லை தாண்டி முதல் வளைவுல ஜூனிப்பர்ச் செடி ஆரம்பிக்குமே, அங்க ரோட்டோரமா வெச்சுடு தம்பி.”

“யாருக்கு அக்கா?”

“என் புருஷனுக்கு.”

அவன் தட்டை வாங்கி மடியில் வைத்தான். பழக்க தோஷத்தில் இன்னொரு கையையும் காகிதத்துக்காக நீட்டினான். டோஸ்தா அந்தக் கையைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளினாள்.

“இதுக்குக் காகிதம் இல்ல. போ” என்றாள். சுங்கக்காரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தடுப்புக் கட்டையைத் தூக்கினான்.